அந்தச் சில மணித்தியாலங்கள்: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய சேர்,

நான் திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். கோணேசபுரி வளாகத்தில் தொடர்பாடல் படிக்கிறேன். என் அம்மா உங்களிடம் வரலாறு படித்தவர். உங்கள் எழுத்தை எனக்குக் காட்டியதும் அவர்தான்.

மியன்மார் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்த நாளில் இருந்து ஒரு கேள்வி மனதில் கிடக்கிறது. 2021 பெப்ரவரி 1ஆம் திகதி நேபிடோவில் ஒரு பெண் உடற்பயிற்சி செய்துகொண்டிருக்க, பின்னால் கறுப்பு வாகனங்கள் வரிசையாகப் போகும் காணொளியை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அங்கே இராணுவம் நினைத்ததை ஒரே காலையில் முடித்துவிட்டது. தென்கொரியாவில் 2024 டிசம்பரில் ஜனாதிபதியே படையை இறக்கினார். விடிவதற்குள் எல்லாம் கலைந்துவிட்டது. இரண்டு நாட்டிலும் முன்பு இராணுவம் ஆண்டிருக்கிறது. இரண்டு நாட்டிலும் சனம் வீதிக்கு வந்தது. பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

வளாகத்தில் அடுத்த வாரம் ஒரு விவாதம். 'மக்கள் வீதிக்கு இறங்கினால் இராணுவச் சதி தோற்கும்' என்பது தலைப்பு. நான் ஆதரித்துப் பேச வேண்டும். வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா, "2022இல ஆமி ஆட்சியைப் பிடிச்சிருந்தா மட்டும் எங்களுக்கு என்ன வித்தியாசம் பிள்ளை?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அன்புடன்,
உங்கள் மாணவியின் மகள்

*

அன்புள்ள மகள்,

பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. உங்கள் கடிதத்தில் கனமான கேள்வி அம்மாவுடையதுதான். அதற்குக் கடைசியில் வருகிறேன். 1962இல் நம் நாட்டில் தோற்றுப்போன சதிக்கு ஒருமுறை போய்வராமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

முதலில் உங்கள் கேள்வி. சதி என்றதும் தாங்கிகளும் துப்பாக்கிச் சூடும்தான் நமக்கு நினைவு வரும். ஆனால் சதியில் நேரடியாகச் சேர்ந்தவர்கள் எப்போதும் கொஞ்சப் பேர்தான். தலைநகரைச் சுற்றி இருபதாயிரம் படையினர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சதியை அறிந்தவர்கள் சில நூறு பேர். அதை எதிர்த்துச் சாகத் துணிந்தவர்களும் சில நூறு பேர். மிச்சப் பேர் இரண்டு பக்கமும் இல்லை. அவர்களுக்கு ஒரே பயம், தோற்கிற பக்கத்தில் நின்றுவிடக் கூடாது என்பது. ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாகப் பயிற்சி எடுத்தவனைச் சுட வேண்டி வருமோ என்ற பயமும் அதற்குள் இருக்கிறது. ஆகவே காத்திருப்பார்கள். மற்ற முகாம் என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள்.

உப்புவெளிக் கடற்கரையில் கரைவலை இழுப்பதை நீங்கள் சின்னதில் இருந்து பார்த்திருப்பீர்கள். வலை அசையாமல் நிற்கும்வரைக்கும் வேடிக்கை பார்க்கிறவன் வேடிக்கைதான் பார்ப்பான். வலை கரைக்கு வருகிறது என்று தெரிந்ததும் வழியில் போகிறவனும் கயிற்றில் கை வைப்பான். சதியும் அப்படித்தான். 'முடிந்துவிட்டது, எல்லோரும் வந்துவிட்டார்கள்' என்று காத்திருக்கிறவர்களை நம்பவைக்கிற பக்கம் வெல்கிறது. வானொலி நிலையத்தை முதலில் பிடிப்பது இதற்காகத்தான். 'நாடு எங்கள் கட்டுப்பாட்டில்' என்று அறிவிக்கும்போது பெரும்பாலும் அந்தக் கட்டடம் மட்டும்தான் அவர்கள் கையில் இருக்கும். அந்த அறிவிப்பை முகாம்கள் நம்பிவிட்டால் அது உண்மையாகிவிடும்.

கொழும்போடு தொடர்புள்ள ஒரு கதை சொல்கிறேன். 1999 ஒக்டோபர் 12. பாகிஸ்தான் இராணுவத் தளபதி முஷாரப் நமது இராணுவத்தின் ஐம்பதாவது ஆண்டு விழாவுக்கு வந்துவிட்டு, கொழும்பில் இருந்து சாதாரணப் பயணிகள் விமானத்தில் கராச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அவர் வானத்தில் இருக்கும்போதே பிரதமர் நவாஸ் ஷெரீப் அவரை நீக்கி வேறொருவரைத் தளபதியாக்கினார். விமானத்தைக் கராச்சியில் இறங்கவிடக் கூடாது என்றும் உத்தரவு போனது. சட்டப்படி தளபதியை மாற்றும் உரிமை பிரதமருக்கு இருந்தது. ஆனால் ராவல்பிண்டியில் இருந்த ஜெனரல்கள் புதிய தளபதியை ஏற்கவில்லை. சில மணித்தியாலங்களுக்குள் தொலைக்காட்சி நிலையம் போனது, பிரதமரின் வீடு போனது, விமான நிலையமும் போனது. எரிபொருள் தீரும் தறுவாயில் விமானம் இறங்கியபோது முஷாரப் நாட்டின் தலைவர். யாரும் வீதிக்கு வரவில்லை. சில இடங்களில் இனிப்புக் கொடுத்தார்கள் என்றும் செய்திகள் வந்தன. ஏன்? 1958இலும் 1977இலும் அதே காட்சியைப் பார்த்துப் பழகிய நாடு அது. இராணுவம் கிளம்பினால் வெல்லும் என்று இராணுவமும் நம்பியது, பிரதமரின் அதிகாரிகளும் நம்பினார்கள், சனமும் நம்பியது. ஒருமுறை சதி நடந்த நாட்டில் மறுபடி நடக்கும் வாய்ப்பு அதிகம் என்பதற்குப் பெரிய காரணம் இந்தப் பழக்கம்தான் என்று நினைக்கிறேன். வறுமையும் ஒரு காரணம், அதைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். 1950க்குப் பிறகு உலகத்தில் 400க்கும் மேற்பட்ட சதி முயற்சிகள் நடந்திருக்கின்றன, ஏறக்குறையப் பாதி வென்றிருக்கின்றன. அவற்றில் பெரும்பங்கு வறிய நாடுகளில்தான்.

இதற்கு நேர்மாறு ஸ்பெயின். பிராங்கோ இறந்து ஐந்து வருடம், புதிய அரசியலமைப்புக்கு இரண்டு வயது. பச்சைக் குழந்தை மாதிரியான ஜனநாயகம். 1981 பெப்ரவரி 23ஆம் திகதி தெஹேரோ என்ற லெப்டினன்ட் கேணல் ஏறத்தாழ இருநூறு பேரோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்து கூரையை நோக்கிச் சுட்டார். பிரதமர், அமைச்சர்கள், எதிர்க்கட்சித் தலைவர்கள் அத்தனை பேரும் அவர் கையில். வலென்சியாவில் ஒரு ஜெனரல் தாங்கிகளை வீதியில் இறக்கிவிட்டார். இனி என்ன இருக்கிறது பிடிக்க? ஆனால் மற்ற மாகாணத் தளபதிகள் அரசரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரசர் ஹுவான் கார்லோஸ் இரவு முழுக்க ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குப் பிறகு இராணுவச் சீருடையில் தொலைக்காட்சியில் தோன்றி, இதற்கு என் சம்மதம் இல்லை என்றார். தொலைக்காட்சி நிலையத்துக்குள் வந்த படையினர் முன்னிரவிலேயே போய்விட்டிருந்தார்கள். அதனால்தான் படப்பிடிப்புக் குழு அரண்மனைக்குப் போக முடிந்தது. நாட்டின் தலைவர்கள் எல்லோரையும் கையில் வைத்திருந்த மனிதன் மறுநாள் சரணடைந்தார்.

இப்போது கொரியாவையும் மியன்மாரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொரியாவில் அன்றிரவு சனம் நாடாளுமன்ற வாசலை அடைத்தது உண்மை. ஊழியர்கள் கதிரை மேசைகளைக் கதவுக்கு முட்டுக்கொடுத்ததும் உண்மை. ஆனால் அந்தச் சனம் ஒரு குறிப்பிட்ட காரியத்துக்காக நேரம் வாங்கிக் கொடுத்தது. உறுப்பினர்கள் சிலர் மதில் ஏறிக் குதித்து உள்ளே போனார்கள். அதிகாலை ஒரு மணியளவில் 190 பேர், ஆளும் கட்சியைச் சேர்ந்த 18 பேரும் சேர்த்து, இராணுவச் சட்டத்தை நீக்கும்படி ஒருமனதாக வாக்களித்தார்கள். நாடாளுமன்றம் அப்படிக் கேட்டால் ஜனாதிபதி நீக்கியே ஆக வேண்டும் என்று அரசியலமைப்பில் இருக்கிறது. அந்த வாக்கோடு, காத்திருந்த ஒவ்வொரு அதிகாரிக்கும் தான் நிற்க வேண்டிய பக்கம் எதுவென்று தெரிந்துவிட்டது. 1980இல் குவாங்ஜூவில் இராணுவம் சொந்தச் சனத்தைச் சுட்டுக் கொன்றதைப் பாடசாலையில் படித்து வளர்ந்த பிள்ளைகள்தான் அந்தச் சீருடைக்குள் நின்றார்கள். அவர்கள் மெதுவாக நடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

மியன்மாரில் காத்திருக்கிறவர் என்று யாரும் இல்லை. அங்கே அதிகாரிகளுக்குத் தனிக் குடியிருப்பு, தனி ஆஸ்பத்திரி, தனிப் பாடசாலை, இராணுவத்தின் சொந்தக் கம்பனிகள். 2008 அரசியலமைப்பே நாடாளுமன்ற ஆசனங்களில் 25 வீதத்தையும் பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் என்ற மூன்று அமைச்சுகளையும் இராணுவத்தின் கையில் கொடுத்திருந்தது. பாதி ஆட்சியை வைத்திருந்தவர்கள் மீதியையும் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். எந்தத் தளபதியும் அன்று காலை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கவில்லை. புதிய நாடாளுமன்றம் கூட இருந்த அதே நாள் விடியற்காலையில், தலைநகரில் வந்து தங்கியிருந்த உறுப்பினர்களை அப்படியே அடைத்துவிட்டார்கள். கூடி வாக்களிக்க வழியே இருக்கவில்லை. அதற்குப் பிறகு வைத்தியர்கள், ஆசிரியர்கள், ரயில்வே ஊழியர்கள் என்று இலட்சக்கணக்கில் சனம் இறங்கியது. கொரியர்களைவிட அதிக நாள் நின்றது, அதிக உயிர் கொடுத்தது. அந்தக் குரலைக் கேட்கிற காது இராணுவத்துக்குள் இல்லை. நாற்காலியைப் பிடித்தார்கள். நாட்டின் பெரும் பகுதிகளை அதற்குப் பிறகு போரில் இழந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே சனம் வருவதோடு விஷயம் முடிவதில்லை. அந்தச் சில மணித்தியாலங்களில் 'முடியாது' என்று சொல்லக்கூடியவர்கள் உள்ளே இருக்க வேண்டும். அவர்கள் எப்படி உண்டாகிறார்கள் என்பதுதான் எனக்கு வருடக்கணக்காக உள்ள கேள்வி. இந்த இடத்தில்தான் நம் கதை வருகிறது.

1962 ஜனவரி 27, சனிக்கிழமை. எனக்கு அப்போது பத்து வயது. அப்பா திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் டொக்யாட்டில் எழுதுவினைஞர். பிரித்தானியர் 1957இல் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகும் எங்கள் வீட்டில் எல்லோரும் டொக்யாட் நேரத்துக்குத்தான் எழும்புவோம். இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு மாலை, அப்பா சாப்பிடாமல் ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தார். "கொழும்பில ஆமியும் பொலிசும் சேர்ந்து கவர்மெண்டைப் பிடிக்கப் பார்த்திருக்கு" என்று அம்மாவிடம் சொன்னார். சதிக்காரர்களில் ஒருவர் ரோய்ஸ் டி மெல், தளம் கைமாறிய நாளில் கடற்படைத் தளபதியாக இருந்தவர். டொக்யாட்டில் அவரை அறியாதவர்கள் இல்லை. அப்பாவின் முகத்தில் அன்று இருந்தது பயமா வேறு ஏதாவதா என்று எனக்கு இன்றும் தெரியாது.

சிறிமாவோ அம்மையார் அப்போது பிரதமர். அமைச்சர்களைக் கைது செய்வது, தொலைபேசியைத் துண்டிப்பது, கொழும்புக்கு வரும் வழிகளை மறிப்பது என்று எல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். தொண்டர் படையின் கேணல் டி சேரம், பொலிஸில் இருந்து சி.சி. திசாநாயக்க, சிட்னி டி சொய்சா. பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், ஆங்கிலம் படித்த வசதியான குடும்பங்கள். சிங்களவரோடு தமிழரும் பறங்கியரும் இருந்தார்கள். திட்டம் கெட்டது ஒரு மனிதரால். கொழும்பின் பொலிஸ் அத்தியட்சகர் ஸ்டான்லி சேனநாயக்கவிடம் அன்று விஷயத்தைச் சொல்லிச் சேரக் கேட்டார்கள். அவர் அதைத் தன் மனைவியிடம் சொன்னார். மனைவியின் தகப்பனார் பி. டி எஸ். குலரத்ன பாராளுமன்ற உறுப்பினர். அவர் வழியாகப் பொலிஸ் மா அதிபருக்குச் செய்தி போனது. இரவோடு இரவாக அமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க அதிகாரிகளை அலரி மாளிகைக்கு அழைத்து விசாரிக்கத் தொடங்கினார். ஒரு சூடு கூட விழவில்லை.

எங்கள் ஆட்களில் சிலர், 'அது வென்றிருந்தால் எங்களுக்கு நல்லாயிருந்திருக்கும்' என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அதற்கு முதல் வருடம்தான் சத்தியாக்கிரகம் நடந்தது. யாழ்ப்பாணத்தில் மட்டுமில்லை, இங்கே திருகோணமலைக் கச்சேரி வாசலிலும் நம் ஆட்கள் குந்தியிருந்தார்கள். ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் போட்டு இராணுவத்தை ஏவி அதைக் கலைத்தது அந்த அரசாங்கம்தான். அந்தக் கசப்பு எனக்கு விளங்குகிறது. ஆனாலும் அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. 1966 ஜனவரியில் நைஜீரியாவில் இளம் அதிகாரிகள் சதி செய்தார்கள். இக்போ மக்களின் சதி என்று வடக்கு அதைப் பார்த்தது. அதே ஜூலையில் வடக்கு அதிகாரிகளின் மறு சதி, பிறகு இக்போ மக்கள் மீது படுகொலை, 1967இல் பயாப்ரா போர். ஒரு சின்ன வர்க்கத்து அதிகாரிகள் கொழும்பைப் பிடித்திருந்தால் அடுத்த சதி யாருடைய பெயரால் வந்திருக்கும், யார் வீட்டில் முதலில் எரிந்திருக்கும் என்று யோசியுங்கள்.

ஆனால் தோற்ற சதிக்கும் ஒரு விலை இருந்தது. அரசாங்கம் படித்த பாடம், நம்ப முடியாதவர்களைப் படையில் வைக்கக் கூடாது என்பது. நம்பக்கூடியவர் என்றால் யார்? சிங்கள பௌத்தர். அந்த மாற்றம் 1956இலேயே தொடங்கியிருந்தது. 1962க்குப் பிறகு அதற்கு வேகம் வந்தது. அதே வருடம்தான், எல்லாளனை வென்ற சிங்கள அரசன் துட்டகைமுனுவின் பெயரில் கெமுனு ரெஜிமென்ட் உருவாக்கப்பட்டது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் படையில் சேர்வது மெல்ல மெல்ல நின்றுபோனது. 1983 வரும்போது அது அநேகமாக ஒரே இனத்தின் இராணுவம். அரசாங்கம் தன்னைச் சதியில் இருந்து காப்பாற்றிக்கொண்டது. அதற்காகப் போட்ட வேலிக்கு வெளியே நாங்கள் நின்றோம்.

அப்படி ஒரே இனத்தால் ஆன இராணுவம் சதி செய்யாது என்றும் இல்லை. பீஜியில் 1987 ஏப்ரலில் தேர்தல் நடந்தது. இந்திய வம்சாவளியினரின் ஆதரவோடு திமோதி பவத்ரா பிரதமரானார். அந்த வம்சாவளியினரில் சென்னையில் இருந்து கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழரின் பிள்ளைகளும் உண்டு. மே 14ஆம் திகதி ரபுகா என்ற லெப்டினன்ட் கேணல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து எல்லோரையும் கொண்டுபோனார். இராணுவம் அநேகமாக முழுக்கப் பூர்வீக பீஜியர்கள். 'எங்கள் ஆட்களின் ஆட்சி போய்விட்டது' என்ற ஒரு வசனம் போதுமாக இருந்தது. முகாமுக்குள் 'அவர்களும் இந்த நாட்டு ஆட்கள்தானே' என்று சொல்ல ஒரு குரல் இருக்கவில்லை. இந்தியாவில் நேரு வேறு வழியில் போனார். 1955இல் தலைமைத் தளபதி என்ற பதவியையே எடுத்துவிட்டு மூன்று படைக்கும் மூன்று தளபதிகளை வைத்தார். பல மாகாணத்து அதிகாரிகள் மேலே வருமாறு பார்த்துக்கொண்டார்கள். அங்கே இன்றுவரை சதி நடக்கவில்லை. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இதுவும் ஒன்று.

1962இன் மறுபாதியைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். அரசாங்கம் சதிக்காரர்களைத் தண்டிப்பதற்கென்றே ஒரு புதிய சட்டம் கொண்டுவந்து, அதை முன்திகதியிட்டு நடைமுறைப்படுத்தியது. நீதிபதிகளை நியமிக்கும் அதிகாரத்தை அமைச்சருக்குக் கொடுத்தது. முதலில் அமர்ந்த நீதிபதிகள், எங்களை அமைச்சர் நியமித்தது செல்லாது என்று சொல்லித் தாங்களே எழும்பிப் போனார்கள். நம் நாட்டு நீதித்துறையில் எனக்கு மிகப் பிடித்த காட்சி அது. கடைசியில் 1965இல் 11 பேருக்குப் பத்து வருடச் சிறையும் சொத்துப் பறிமுதலும் விதிக்கப்பட்டன. வழக்கு, அப்போது நம் கடைசி மேன்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த லண்டன் கோமறைக் கழகத்துக்குப் போனது. ஒரு சில மனிதரைக் குறிவைத்துச் சட்டம் எழுதித் தண்டனையையும் பாராளுமன்றமே தீர்மானிக்க முடியாது, அது நீதிமன்றத்தின் வேலை என்று சொல்லி எல்லோரையும் விடுவித்தார்கள். பாராளுமன்றத்தைக் கவிழ்க்கப் போனவர்களையே, பாராளுமன்றத்துக்கு எல்லை உண்டு என்று சொல்லிக் காப்பாற்றிய தீர்ப்பு. பாகிஸ்தானில் 1958இலும் 2000இலும் உச்ச நீதிமன்றம் சதிக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்ததை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தப் பழக்கம் 2018இல் வேலை செய்தது. ஒக்டோபர் 26 இரவு ஜனாதிபதி சிறிசேன, ரணிலை நீக்கி மகிந்தவைப் பிரதமராக்கினார். பிறகு பாராளுமன்றத்தையே கலைத்தார். சட்ட வேட்டி கட்டிய சதி என்றுதான் அதைச் சொல்வேன். எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் சம்பந்தன் ஐயாவும் ஒருவர், அப்போது நம் ஊர்ப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர். டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகக் கலைப்புச் செல்லாது என்றார்கள். சட்டப் புத்தகங்களில் அந்த வழக்கு அவர் பெயரால்தான் நிற்கிறது. அந்த ஏழு வாரமும் தளபதிகள் முகாமுக்குள் இருந்தார்கள். நீதிமன்றம் சொல்லும் என்று எல்லோரும் எதிர்பார்த்ததால் துப்பாக்கியைத் தேட யாருக்கும் அவசரம் வரவில்லை.

இப்போது அம்மாவின் கேள்வி.

பொருளாதார நெருக்கடிக்கு எதிரான போராட்டங்களுக்கு நடுவில், 2022 மே 9ஆம் திகதி பிரதமர் மகிந்த ராஜபக்ஷ பதவி விலகினார். மறுநாள் அவரைக் குடும்பத்தோடு இங்கே நம் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுவந்தார்கள். செய்தி பரவியதும் தளத்தின் வாசலில் சனம் கூடியது. நானும் போனேன். முன்னால் நின்ற ஒரு சிங்களப் பையன் காவலுக்கு நின்ற கடற்படைப் பையனைப் பார்த்து, "மல்லி (தம்பி), உன் வீட்டிலும் காஸ் இல்லைதானே?" என்று சிங்களத்தில் கேட்டான். அந்தப் பையன் பதில் சொல்லவில்லை, ஆனால் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். அந்த வருடம் படை ஏன் ஆட்சியைப் பிடிக்கவில்லை என்பதற்குப் பல காரணம் சொல்லலாம். பாராளுமன்றம் என்ற வழி திறந்திருந்தது. ஜூலை 20ஆம் திகதி அங்கேதான் ரணில் 134 வாக்குகளோடு ஜனாதிபதியானார். தளபதிகளுக்கு இழக்க நிறைய இருந்தது. சூடே விழவில்லை என்றும் சொல்ல முடியாது, ரம்புக்கனையில் பொலிஸ் சுட்டு ஒருவர் இறந்தார். ஆனால் ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்த நாளில் பெரிய சூடு விழாததற்கு ஒரு காரணத்தை அந்தத் தாழ்ந்த கண்ணில் பார்த்தேன். எதிரே நின்றவர்கள் அவனுடைய அக்காவும் மாமாவும் மாதிரி இருந்தார்கள்.

எங்களுக்கு எதிரே அந்தக் கண் தாழ்ந்ததில்லை. அம்மா கேட்பது அதைத்தான். பிரெட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து இராணுவ முகாமைக் கடந்துதான் கோணேசரைக் கும்பிடப் போகிறோம். சதி ஒன்றும் நடக்காமலே போர்க் காலத்தில் கிழக்கின் ஆளுநர் முன்னாள் ரியர் அட்மிரல், திருகோணமலை அரசாங்க அதிபர் முன்னாள் மேஜர் ஜெனரல். காணி உறுதிக்குப் போனாலும் சீருடை அணிந்து பழகியவரின் மேசைக்குத்தான் போனோம். 2020இல் கிழக்கின் தொல்லியலுக்கு அமைத்த செயலணிக்குத் தலைவர் பாதுகாப்புச் செயலாளர். 2006 ஜனவரி 2ஆம் திகதி காந்தி சிலையடியில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட பொலிஸ் தரப்பினர் 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். இவ்வளவையும் பார்த்த ஒரு பெண் 'என்ன வித்தியாசம்' என்று கேட்டால் அவரைத் திருத்த எனக்கு உரிமை இல்லை.

ஆனால் என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன், அவரிடமும் சொல்லுங்கள். அந்த ஐந்து பிள்ளைகளின் பெற்றோர் பதின்மூன்று வருடம் நீதிமன்றப் படி ஏறினார்கள். தோற்றார்கள். ஆனால் ஏற ஒரு படி இருந்தது, கோப்பு இருக்கிறது, அதைத் திறக்கச் சொல்லி இன்றும் கேட்க முடிகிறது. மியன்மாரில் சதிக்குப் பிறகு அப்படி வழக்குப் பேசுகிற வழக்கறிஞர்களையே பிடித்து அடைத்தார்கள். சம்பந்தன் ஐயா கொழும்பில் வழக்கு வென்றபோது அது நமக்கு ஒரு துண்டுக் காணியைக்கூடத் திருப்பித் தரவில்லை. ஆனாலும் இந்த நாட்டின் ஜனாதிபதிக்கு எதிராகத் திருகோணமலைத் தமிழர் ஒருவர் கையெழுத்துப் போட்டு வெல்ல முடிந்தது. இராணுவம் நாற்காலியில் இருந்தால் அந்தக் கையெழுத்துக்கு இடமே இல்லை. இருக்கிற வித்தியாசம் அவ்வளவுதான். எனக்கு அது பெரியது. அம்மாவுக்குச் சின்னதாகத் தெரிந்தால் அதற்கும் காரணம் இருக்கிறது.

சரி, விவாதம். தலைப்பை அப்படியே ஆதரித்துப் பேசினால் எதிரணி மியன்மாரை எடுத்து உங்களை உட்காரவைத்துவிடும். துருக்கியையும் எடுக்கலாம். 2016 ஜூலையில் சனம் தாங்கிக்கு முன்னால் நின்றது, சதி தோற்றது, பிறகு ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட அரச ஊழியர்களை எர்டோகன் வேலையில் இருந்து தூக்கினார். நீங்கள் புர்கினா பாசோவோடு தொடங்குங்கள். 2015 செப்டெம்பரில் ஜனாதிபதிக் காவற்படை இடைக்கால ஜனாதிபதியைப் பிடித்து வைத்தது. தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவித்தன, இளைஞர்கள் வீதிகளை மறித்தார்கள். அதைப் பார்த்துத்தான் வெளி மாகாணங்களில் இருந்த சாதாரண இராணுவம் தலைநகரை நோக்கிக் கிளம்பியது. ஒரு வாரத்தில் சதி முடிந்தது. சனம் வீதிக்கு வந்தது முகாமில் காத்திருந்தவர்களுக்குத் தைரியம் கொடுக்க, அதைச் செய்தும் காட்டியது என்று அங்கே நின்று பேசுங்கள். அதே நாட்டில் 2022இல் இரண்டு சதி வென்றது என்று எதிரணி சொல்லும். மறுக்க வேண்டாம். இடையில் என்ன மாறியது என்று கேளுங்கள். ஜிஹாதிப் போரில் ஆயிரக்கணக்கானோர் செத்து, ஆட்சியைக் காப்பாற்றச் சனத்துக்கு விருப்பம் போய்விட்டிருந்தது. அந்த முறை வீதிக்கு வந்தவர்கள் படையினருக்குக் கைதட்டத்தான் வந்தார்கள்.

1962ஐயும் கட்டாயம் சொல்லுங்கள். வளாகத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அது தெரிந்திருக்காது. சிங்களப் பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்களுக்கு விளங்கும்படி நிதானமாகச் சொல்லுங்கள். எப்படிப் போனது என்று எழுதுங்கள். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். வகுப்பில் பின்வரிசையில் இருந்து இப்படியான கேள்விகளைத்தான் அப்போதும் கேட்பார்.

அன்புடன்,
சேர்